பதின்மூன்றாவது கருத்து

பன்னிரண்டு பேருக்குத்தான் அனுமதி கொடுத்திருந்தார்கள். வந்திருந்த கருத்துகளோ பதின்மூன்று.

பூட்டிய வீடொன்றுக்குள் அறை அறையாக நடக்கும் வீடியோ கேம் அது. அவளும் தம்பியும் இரண்டு வருடம் முதுகொடிய உழைத்துச் செய்தது. வெளியிடும் முன் தெரிந்தவர்களுக்கு ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். தம்பி அலுவலகத்தில் இருந்தான். மாடியறையில் படுத்திருந்த மகளுக்குக் காய்ச்சல் என்பதால் அவள் வீட்டிலேயே, கீழறை மேசையில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள். 'கதவெல்லாம் என் மாமியார் மாதிரி, தள்ளினாலும் நகரல' என்று ஒருவர் எழுதியிருந்தார். சிரித்துவிட்டாள்.

கடைசியாக வந்ததில் பெயர் இல்லை.

'மாடிப்படிக் கைப்பிடி ஓரிடத்தில் பிசுபிசுக்கிறது. நல்ல நுணுக்கம்.'

கேமில் மாடியே கிடையாது. நேற்று மகள் இருமல் மருந்தைச் சிந்தியது இந்த வீட்டின் கைப்பிடியில். அவள் இன்னும் துடைக்கவில்லை.

தம்பியை அழைத்தாள்.

"டேய், என்கிட்ட விளையாடுறியா?"

"என்னக்கா சொல்ற? லிஸ்ட்ல பன்னெண்டு பேர்தான் இருக்காங்க. பதிமூணாவது ஆளே இல்ல."

"அப்ப இத எழுதுனது யாரு?"

அவன் விசைகளைத் தட்டும் ஓசை கேட்டது. "தெரியல. எதுக்கும் எல்லாரோட அனுமதியயும் நிறுத்திட்டேன். இனி யாரும் உள்ள வர முடியாது."

அவன் போனை வைத்ததும் வீட்டின் அமைதி காதில் வந்து உட்கார்ந்தது. குளிர்பெட்டியின் முனகல், குழாயிலிருந்து பாத்திரத்தில் சொட்டும் நீர், மூடிய சன்னல்களுக்குள் தேங்கிக் கிடந்த மருந்து வாடை, இவற்றுக்கெல்லாம் அடியில், தலைக்கு மேலே, வெறுங்கால் ஒன்று தரையில் அழுந்தி அழுந்தி எழுவதுபோல் ஏதோவொன்று.

கைப்பேசி அதிர்ந்தது.

'அனுமதி இனித் தேவையில்லை. உள்ளேதான் இருக்கிறேன்.'

மீண்டும் அதிர்ந்தது.

'கட்டிலில் தூங்கும் குழந்தையின் நெற்றி சுடுகிறது. சூட்டை உணர முடிகிற கேமை ஆடுவது இதுவே முதல்முறை.'

மாடிக்கு ஓடினாள். படியில் கால் தடுக்கியது. எழுந்து மறுபடி ஓடினாள்.

அறையில் யாருமில்லை. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். யாருமில்லை. மகள் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். மூச்சு சீராக வந்தது. அப்போதுதான் அவளுக்கும் மூச்சு வந்தது.

மகள் பாதிக் கண் திறந்தாள். "ஏம்மா மறுபடி வந்த?"

"மறுபடியா?"

"இப்பத்தானே தொட்டுப் பாத்த. கை ஜில்லுன்னு இருந்துச்சு."

கண்கள் மறுபடி மூடிக்கொண்டன. கைப்பேசி அதிர்ந்தது. இரண்டு கைகளாலும் அதை இறுகப் பிடித்துப் படித்தாள்.

'அம்மாவின் முகம் இவ்வளவு பக்கத்தில் பார்த்தாலும் தத்ரூபம்.'

மின்விசிறி ஓடவில்லை. சன்னல் மூடியிருந்தது.

மகளின் நெற்றியில் வியர்வையோடு ஒட்டியிருந்த முடி, ஒவ்வோர் இழையாக, மெல்ல, மிகுந்த அக்கறையோடு, ஒதுங்கிக்கொண்டிருந்தது.