வெள்ளைக் கூழாங்கல் முறை

"பராமரிப்புப் பணி காரணமாக, மூன்றாம் குமிழியில் இன்று காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை வானம் இருக்காது" என்று சுவர் அறிவித்தபோது அழகப்பன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்றாலும் இது அவனுக்குப் பழகிவிட்டது. இதற்குள் இரண்டு தடவை வானம் போய்விட்டது. போனால், குமிழியின் உட்புறத்தில் ஓடும் நீலம் அணைந்து, வெளியே இருக்கிற அசல் ஆகாயம் பழைய துணி நிறத்தில் தெரியும். ஐந்து மணி என்றால் ஏழு மணிக்கு வரும். வந்ததும் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் "ஹேய்!" என்று கத்துவார்கள்.

அழகப்பனுக்கு வானத்தைப் பற்றிக் கவலையில்லை. அவன் கவலையெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மண்ணைப் பற்றியது.

அவனுக்கும் உமையாளுக்கும் அது முதல் சொந்த வீடு. பழசுதான். முன்பு குடியிருந்த பாறை ஆராய்ச்சியாளர் சுவர் முழுக்க ஆணி அடித்திருந்தார். குளியலறைக் கதவைத் திறந்தால் சமையலறைக் கதவு திறக்காது. அதையெல்லாம் வீட்டு ஏவலியிடம் சொன்னால், அந்த இரும்புப் பிறவி முனகாமல் செய்துவிடும். ஆனால் தோட்டத்தை மட்டும் ஏவலி தொடக்கூடாது. முதல் தலைமுறைக் குடியேறிகள் எல்லா வேலையையும் ஏவலிகளிடம் விட்டுவிட்டு, குறைந்த ஈர்ப்பில் படுத்தே கிடந்து, எலும்பு ரசமாகிப் போனார்கள். அதன் பிறகு வந்த சட்டம் இது: வீடு வாங்கியவர்கள் நூறு நாளுக்குள், தங்கள் கையாலேயே, தாங்கள் விடும் மூச்சுக்கு ஈடாகப் பச்சை வளர்த்துக் காட்ட வேண்டும். காட்டினால் 'மூச்சுப் பட்டா'. காட்டாவிட்டால் பொதுக்கூடத்தில் அடுக்குப் படுக்கை. வீடு அடுத்தவருக்குப் போய்விடும்.

"நூறு நாள் எதுக்கு? அம்பதே போதும்" என்றான் அழகப்பன், வாயில் நுரையோடு.

அவனுடைய தைரியத்துக்குக் காரணம் பக்கத்து வீட்டு ஞானதுரை. மூன்றாம் குமிழியின் பிரபலம். 'நீங்களே செய்யலாம்: வெள்ளைக் கூழாங்கல் தோட்டம்' என்ற அவருடைய காணொளியைப் பார்க்காமல் செவ்வாயில் யாரும் மண்வெட்டியைத் தொடுவதில்லை. வளைந்து போகும் பாதை, இருபுறமும் வெள்ளைக் கூழாங்கல், ஒரு பெஞ்சு, தரையோடு தரையாக விளக்குகள். பின்னணியில் ஞானதுரையின் தக்காளிச் செடிகள் ஆளுயரத்துக்கு நிற்கும்.

பூமியிலிருந்து தலைக்குப் பத்துக் கிலோதான் கொண்டுவரலாம். அழகப்பன் ரசமட்டம், கரணை, நூல்கண்டு, முத்திரை குத்திய விதைப் பொட்டலங்கள் என்று கொண்டுவந்தான். உமையாள் நாலரைக் கிலோவில் ஒரு சாம்பல் பூசணிக்காய் கொண்டுவந்தாள்.

"திருஷ்டிப் பூசணிக்காயா? கோளு விட்டுக் கோளு போறப்பவா?" என்று ஏவுதளத்தில் அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"கோளு மாறினா கண்ணு போடுறவன் மாறிடுவானாக்கும்?" என்றாள் அவள்.

பூசணிக்காய் ஏழு மாதப் பயணத்தில் வாடவில்லை. அழகப்பன்தான் வாடினான்.

குடிபுகுந்த அன்று அதைத் தெருவில் உடைக்க அனுமதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். கற்பூரத்துக்கும் தடை. பிராணவாயு அடைத்த குமிழிக்குள் நெருப்பு ஆகாது. ஆகவே உமையாள் மின்கலக் கற்பூரம் ஒன்றை வைத்து, மூன்று சுற்றுச் சுற்றி, பின்கதவு மூலையில் காயை ஓங்கிப் போட்டாள். செவ்வாயில் எடை மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். காய் நிதானமாக இறங்கி, ஒரு துள்ளுத் துள்ளி, அவள் காலடிக்கே திரும்பி வந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வீசினாள். பிளந்தது. விதைகள் அவசரமே இல்லாமல் காற்றில் மிதந்து அந்த மூலையெங்கும் விழுந்தன. அழகப்பன் துண்டுகளைக் கூட்டி அள்ளினான். விதைகளை யார் பொறுக்குவது?

மறுநாள் வேலை தொடங்கியது.

செவ்வாய் மண்ணில் பிறவியிலேயே ஒரு நச்சு உப்பு உண்டு. கழுவிக் கழுவித்தான் அதைப் போக்க முடியும். காணொளியில் ஞானதுரை இதை நாலு நொடியில் சொல்லிவிட்டுப் பாதைக்குப் போய்விடுவார். அழகப்பனும் மண்ணை ஒரே ஒரு தடவை கழுவிவிட்டுப் பாதைக்குப் போனான். நூல் பிடித்தான். ரசமட்டம் வைத்தான். கூழாங்கற்களைச் சலித்து, அளவு பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை வெள்ளை பூசினான். பதினெட்டு நாள் பாதைக்கே போயிற்று. பாதையின் நீளம் பதினொரு அடி.

"ஏங்க, செடி எப்ப வைப்பீங்க?" என்று உமையாள் கேட்டாள்.

"அடித்தளம் முக்கியம் உமையா. செடி ஒரு நாள் வேலை."

அவள் அரிசி களைந்த தண்ணீரைப் பின்கதவு மூலையில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். தினமும் இரண்டு வேளை ஊற்றினாள். சமையல் தண்ணீரைச் சுத்திகரிப்புக் குழாயில்தான் விட வேண்டும் என்று விதி. விதிக்குத் தெரியாமல் ஊற்றினாள். அந்த ஈரத்தில் நாற்பதாம் நாள் அழகப்பன் வழுக்கி விழுந்தான். குறைந்த ஈர்ப்பில் மெதுவாக விழுந்ததால், தான் விழுவதை முழுதாகப் பார்க்கும் அவமானமும் சேர்ந்துகொண்டது. நாலு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

ஐம்பதாம் நாள் ரோஜா, நந்தியாவட்டை, குரோட்டன்ஸ் நாற்றுகளை நட்டான். அறுபதாம் நாள் அவை நுனி கருகின. எழுபதாம் நாள் மறுபடி நட்டான். எண்பதாம் நாள் இரண்டாவது பெஞ்சு செய்தான். செடி பட்டுப்போகும்போதெல்லாம் அவனுக்குத் தச்சு வேலையில் ஆர்வம் அதிகமாயிற்று.

"என்ன தம்பி, கல்லு நல்லா பளிச்சுனு இருக்கு!" என்று வேலிக்கு மேலாக ஞானதுரை பாராட்டினார்.

"கல்லு இருக்கு அண்ணாச்சி. செடிதான்..."

"வெள்ளை இன்னும் ஒரு கை பூசும். எல்லாம் வந்துரும்."

தொண்ணூற்றெட்டாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அழகப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "அடுக்குப் படுக்கையில மேல் தட்டா கேட்டு வாங்கிடலாம் உமையா. கீழ்த் தட்டுல காத்து வராதாம்" என்றான். இந்த வீட்டுக்காக அவள் நெல்லூரில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். அதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் அவனைக் குடைந்தது.

"மொதல்ல சாப்பிடுங்க" என்றாள் அவள்.

நூறாம் நாள் காலையில் அவன் தோட்டத்தைத் துடைத்து வைத்தான். பின்கதவு மூலையிலிருந்து ஏதோ ஒரு கொடி தாறுமாறாகக் கிளம்பி, சுவரேறி, கூரையிலிருக்கும் காற்றுக் குழாய் வரைக்கும் போயிருந்தது. திட்டத்தில் இல்லாத கொடி. பிடுங்க நேரமில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று ஒரு பெரிய திரைச்சீலையைக் கட்டி அதை மறைத்தான்.

பசுமை ஆய்வி மூன்று காலில் வந்தது. பெயர் மருதம்-4. பாதையைப் பார்க்கவில்லை. பெஞ்சுகளைப் பார்க்கவில்லை. நேராகப் பின்கதவு மூலைக்குப் போய்த் திரைச்சீலையைச் சுருட்டிப் போட்டது.

"ஐயோ, அது வெறும் களைங்க. தோட்டம் இந்தப் பக்கம்" என்று பதறினான் அழகப்பன்.

"நானூற்றுப் பன்னிரண்டு வீடு பார்த்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் தோட்டம் இந்தப் பக்கம்தான்" என்றது ஆய்வி, மூலையைக் காட்டி. கை ஒன்றை நீட்டி இலைகளை எண்ணியது. கூரை மேல் எட்டிப் பார்த்தது. அங்கே சாம்பல் பூத்த ஒரு பூசணிக்காய், சின்னப் பிள்ளை மாதிரி குழாயைக் கட்டிக்கொண்டு தூங்கியது. "இரண்டு பேர் மூச்சுக்குப் போதும். இன்னும் அரை ஆளுக்கு மிச்சமும் இருக்கிறது."

அழகப்பன் திரும்பி உமையாளைப் பார்த்தான்.

"ரோஸ்லின் அக்கா சொன்னாங்க" என்றாள் அவள். ரோஸ்லின் ஞானதுரையின் மனைவி. "பின்கதவு மூலையில தினம் கழுவுற தண்ணிய ஊத்து, உப்பு இறங்கிடும், அப்புறம் எது விழுந்தாலும் முளைக்கும்னு. அவங்க வீட்டுல மீன் கழுவுற தண்ணி. அழுகின தக்காளிய வீசினாங்களாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"ரெண்டாம் நாளே சொன்னேன். 'காணொளில அப்படிப் போடலையே'ன்னீங்க."

"அப்ப இந்தப் பாதை, பெஞ்சு, இதையெல்லாம் எதுக்கு விட்டே?"

"ரசமட்டம் கையில இருந்தா நீங்க யார்கிட்டயும் சண்டைக்குப் போறதில்ல."

ஆய்வி தொண்டையைச் செருமியது. அதற்குத் தொண்டை கிடையாது. மரியாதைக்காக வைத்த ஒலி. "வளர்ப்பு முறை என்ற கட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட காணொளியின் பெயர் வேண்டும். இல்லாவிட்டால் 'தற்செயல்' என்று பதியலாம். தற்செயலுக்குப் பட்டா கிடையாது."

"அரிசித் தண்ணின்னு எழுதினா?" என்றான் அழகப்பன்.

"அதற்குக் கட்டம் இல்லை."

அவன் உமையாளைப் பார்த்தான். 'ஏதாவது சொல்லித் தொலையுங்களேன்' என்பது போல் அவள் முகத்தை அசைத்தாள்.

"வெள்ளைக் கூழாங்கல் முறை" என்றான்.

பட்டா கிடைத்தது. அன்றைக்கு அவன் கூரையேறி, அந்தக் காயைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான். உமையாளிடம் மன்னிப்புக் கேட்டான். அந்த வருத்தம் ஒரு வாரம் நிஜமாகவே இருந்தது.

பிறகு தெருவில் எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். எப்படி இவ்வளவு பெரிய கொடி? அவன் கூழாங்கல்லைக் காட்டினான். பத்து பேரிடம் காட்டிய பிறகு, கல்லுக்கும் ஏதோ பங்கு இருக்கத்தான் வேண்டும் என்று அவனுக்கே தோன்றியது. இருபதாவது ஆளிடம் சொல்லும்போது கல்லின் குளிர்ச்சி வேருக்கு நல்லது என்று ஒரு காரணமும் வந்துவிட்டது.

நிர்வாகம் ஒரு குழு போட்டது. அதில் அழகப்பனும் ஓர் உறுப்பினன். பட்டா பெற்ற நானூற்றுப் பதின்மூன்று வீட்டு அறிக்கைகளையும் கணினி அலசியது. எல்லா வீட்டிலும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: வெள்ளைக் கூழாங்கல். ஆகவே காரணம் கூழாங்கல்தான் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. இனி ஒவ்வொரு வீட்டுக்கும் அது கட்டாயம். கூடவே இன்னொரு விஷயமும் அறிக்கைகளில் தெரிந்தது. எல்லா வீட்டிலும் பின்கதவு மூலை சுகாதாரக்கேடாக ஈரமாக இருக்கிறது. குடும்பத் தலைவர்கள் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். அந்த மூலைகளுக்கு டைல்ஸ் போட்டுவிடலாம் என்று பரிந்துரை வந்தது.

"இதில் உறுப்பினர்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று தலைவி கேட்டார்.

அழகப்பனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அரிசித் தண்ணீர். எதிரே எட்டுப் பேர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் அவன் பெயருக்கு முன்னால் 'தோட்ட வல்லுநர்' என்று போட்டிருந்தது.

"டைல்ஸ் என்ன நிறம்?" என்று கேட்டான்.

ஏவலிகள் வந்து ஒரே நாளில் தெரு முழுக்க மூலைகளை மூடிவிட்டுப் போயின. கொடியின் தண்டைச் சுற்றி ஒரு வளையல் கனத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தன. பதினைந்தாம் நாள் இலைகள் கூரையிலிருந்து காதுபோலத் தொங்கின. மூச்சு அளவு குறைகிறது, அடுத்த ஆய்வு நூறு நாளில், தேறாவிட்டால் பட்டா ரத்து என்று சுவர் அறிவித்தது. அறிவிப்பின் முடிவில், மேலும் கூழாங்கல் சேர்க்கும்படி ஒரு யோசனையும் சொன்னது.

மறுநாள் காலை உமையாள் அரிசி களைந்த பாத்திரத்தோடு பின்கதவில் நின்றாள். பளபளவென்றிருந்த டைல்ஸைப் பார்த்தாள். ஊற்ற இடமில்லை. குழாயில் விடவும் அவளுக்கு மனசு வரவில்லை. பாத்திரத்தைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் அழகப்பனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இங்க குடு" என்றான்.

பாத்திரத்தை வாங்கிக்கொண்டு தன் பாதைக்குப் போனான். ஒரு கை வெள்ளை, இரண்டு கை வெள்ளை என்று அவன் பார்த்துப் பார்த்துப் பூசிய கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தான். அடியில் செம்மண் வெறிச்சென்று கிடந்தது. ஊற்றினான். உமையாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காயவைத்த பூசணி விதை ஒரு கைப்பிடி இருந்தது.

"எப்ப எடுத்து வெச்சே?"

"நீங்க குழுவுக்குக் கிளம்பினீங்களே, அன்னைக்கே."

விதைகளைப் புதைத்துவிட்டு, யாரும் பார்க்காதபடி மேலே கற்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருக்கையில், வேலிக்கு அந்தப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். கல்லோடு கல் உரசும் சத்தம். அழகப்பன் நிமிர்ந்தான். அங்கே ஞானதுரை குந்தி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பெயர்த்த கூழாங்கல். இன்னொரு கையில் மீன் வாடை அடிக்கும் சட்டி.

ஞானதுரை கையிலிருந்த கல்லைச் சட்டென்று கீழே வைத்தார்.

"பாதையில சின்னப் பழுது" என்றார் ஞானதுரை.

"இங்கேயும் அதேதான் அண்ணாச்சி."

"அடுத்த காணொளியில இதையும் சொல்லிப்புடணும் தம்பி."

"எதை அண்ணாச்சி?" என்று அழகப்பன் ஆவலோடு கேட்டான்.

ஞானதுரை சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"பாதையப் பழுது பாக்கறது எப்படின்னுதான்."