கிளட்ச் கம்பி

யானை பார்க்கப் போனவர்கள் காலையிலிருந்து பார்த்தது ஒரு மயிலையும் எட்டு எருமைகளையும்தான்.

"எருமையப் பார்க்கவா ஹந்தானையில இருந்து வந்தோம்?" என்று தம்பி சிணுங்கினான்.

"சும்மா இருடா. யானைக்கும் இன்னைக்கு லீவா இருக்கும்" என்றார் அப்பா முத்துலிங்கம்.

பாடசாலை விடுமுறைக்கு மற்றவர்கள் யால, மின்னேரியா என்று போவார்கள். அப்பாவின் த்ரீவீலர் அவ்வளவு தூரம் போனால் திரும்பி வருமா என்பது சந்தேகம். அதனால்தான் அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ரந்தெனிகலைச் சரணாலயத்துக்கு வந்திருந்தார்கள். பின் சீட்டில் அம்மா வீரம்மா, பத்து வயது யோகமலர், தம்பி, மடியில் புளிச்சோற்றுப் பார்சல்.

ஒரு வளைவில் வனஜீவராசிகள் திணைக்களத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். சட்டையில் ஹபீல் என்று பெயர் தைத்திருந்தது.

"கொஞ்சம் நில்லுங்க. ரோட்டுல மரை ஒண்டு கிடக்குது."

யோகமலர் இறங்கிப் பார்த்தாள். மானைவிடப் பெரிய மிருகம். படுத்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் மூச்சு இல்லை. இடுப்பைச் சுற்றி ஒரு கம்பி இறுகிக் கிடந்தது. அந்தப் பக்கத்துப் புதருக்குள் ஒரு குட்டி நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஹபீல் குறட்டால் கம்பியை வெட்டி எடுத்தார். "பன்றிக்கு யாரோ வெச்சது. இது வந்து மாட்டிட்டுது. கம்பிய அறுத்துக்கொண்டு ரெண்டு மூணு நாளா அலைஞ்சிருக்கும், பாவம்."

கம்பியின் முனையில் சின்னதாய் ஓர் ஈயக் குண்டு இருந்தது. யோகமலருக்கு அதைத் தெரியும். த்ரீவீலரின் கிளட்ச் கம்பி. போன வாரம் வீட்டில் அப்பா அதே மாதிரிக் கம்பியில்தான் சுருக்குப் போட்டார். மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தவள் அவள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மரவள்ளியைப் பன்றி தோண்டித் தின்கிறது என்று வைத்த கம்பி அது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டிப் பக்கம் தோட்டங்கள்ல சிறுத்தையும் மாட்டுது" என்றார் ஹபீல். "மாட்டினதும் ஊரே கூடிச் சத்தம் போடும். அது பயந்து துள்ளும். துள்ளத் துள்ளக் கம்பி இறுகும். ஆட்கள் சும்மா இருந்தாலே பிழைச்சிடும். எங்கயாவது கண்டா எனக்கு ஒரு கோல் எடுங்க." நம்பரை அப்பாவின் போனில் போட்டுக் கொடுத்தார்.

த்ரீவீலரில் ஏறியதும் யோகமலர் சொன்னாள்: "அப்பா, வீட்டுக்குப் போவோம்."

"யானை?" என்றான் தம்பி.

அப்பா வண்டியைத் திருப்பினார். புளிச்சோற்றை யாரும் பிரிக்கவில்லை.

ஹந்தானைக்கு வந்தபோது மணி நான்கு. லயத்துக்குப் பின்னால் தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. யோகமலர் ஓடினாள்.

மரவள்ளிப் பாத்திக்கு அப்பால், கொய்யா மரத்தடியில், ஒரு சிறுத்தை. இடுப்பில் கம்பி. சுற்றிலும் ஐம்பது அறுபது பேர். ஒருவன் கல்லெறிந்தான். ஒவ்வொரு சத்தத்துக்கும் அது மேலே எழும்பி விழுந்தது.

"போன் பண்ணினீங்களா?" என்று அப்பா கேட்டார்.

"யாரு பண்ணுவா? பண்றவன்கிட்டத்தானே யாரு கம்பின்னு கேப்பாங்க" என்றார் ஒருவர்.

எல்லோரிலும் அதிகம் சத்தம் போட்டவர் பழனியாண்டி மாமா. கையில் பெரிய தகர மூடி. யோகமலர் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, ஒங்க நாய் குட்டி போட்டப்ப, ஒரு பய பக்கத்துல வரக்கூடாதுன்னு கம்போட வாசல்ல குந்தியிருந்தீங்களே. அது பயப்படும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது நாய்டி. இது புலி!"

"இதுவும் பயப்படுது மாமா. நல்லா பாருங்க."

பழனியாண்டி மாமா பார்த்தார். அது வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. வயிறு மேலும் கீழும் போய்வந்தது. அவர் மூடியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க. சத்தம் வந்துச்சு, தோல உரிச்சிருவேன்" என்று ரகசியக் குரலில் அதட்டினார். பழனியாண்டி மாமா ரகசியம் பேசி அந்த லயம் அதுவரை கேட்டதேயில்லை. அதற்குப் பயந்தே பாதிப் பேர் கலைந்தார்கள். கல்லெறிந்தவனைக் காதைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எடுத்தா என்னையக் கொண்டு போயிருவாங்க மலரு."

யோகமலருக்கு எடுக்காதீங்க என்று சொல்லிவிடத்தான் ஆசை. கொய்யா மரத்தடியில் அது இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"கம்பிய நானும்தானே புடிச்சேன் அப்பா. நானும் ஒங்ககூட வர்றேன்."

அப்பா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஹபீலின் நம்பரை அழுத்தினார்.

ஹபீல் கண்டி அலுவலகத்துக்குச் சொல்ல, இருட்டுவதற்குள் ஜீப் வந்துவிட்டது. மிருக வைத்தியர் தூரத்திலிருந்து மயக்க ஊசியைச் சுட்டார். சிறுத்தை தலையைச் சாய்த்ததும் கம்பியை வெட்டினார்கள். ஆழமான காயம். வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார்.

"கம்பி யாருடையது?" என்று அதிகாரி கேட்டார்.

வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னோடதுதான் சேர்" என்றார் அப்பா.

"நானும் புடிச்சேன்" என்று யோகமலர் முன்னால் வந்தாள்.

அதிகாரி அவளைப் பார்த்துவிட்டு, "நீங்க வரத் தேவையில்ல மகள்" என்றார். குரல் கடுமையாக இல்லை.

முன் சீட்டில் அப்பா, பின்னால் கூண்டில் சிறுத்தை. இருவரும் ஒரே ஜீப்பில் போனார்கள். யாருக்குக் கையசைப்பது என்று யோகமலருக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அசைத்தாள்.

அன்றைக்கும் மறுநாளும் வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. தம்பி யானையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்குக்குத் திகதி போட்டுப் பிணையில் விடுவார்கள் என்று பழனியாண்டி மாமா விசாரித்து வந்து சொன்னார். எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா வந்தார். தாடி வளர்ந்து, ஒரு சுற்று இளைத்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார்:

"மலரு, அது எந்திரிச்சுத் தண்ணி குடிச்சிருச்சாம்!"

மூன்று நாளாக அழுதுகொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது குடிச்சது இருக்கட்டும். நீங்க மொதல்ல உள்ள வந்து ஒரு வாய்த் தண்ணி குடிங்க!"