நாலாவது சரணம்

கடிகாரத்தை நிறுத்தி வைத்த வீட்டில் எதுவோ டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

எர்மான்ஸ் ஜெபமாலையை மடியில் போட்டுவிட்டு உற்றுக் கேட்டாள். மதியம் மூன்று மணி இருக்கலாம். நேற்று விடியற்காலை எவரிஸ்த்தின் உயிர் பிரிந்ததுமே வேலைக்காரி சொலாஞ் கடிகாரத்தின் ஊசலைப் பிடித்து நிறுத்தினாள், வாளித் தண்ணீரைக் கொட்டினாள், கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்புத் துணி சுற்றினாள். சாவு வீட்டில் செய்யவேண்டிய ஒன்றையும் அவள் விடவில்லை. வெளியே ஆற்றின் இரைச்சல், அடுப்பில் ஈர விறகின் புகை, உருகும் மெழுகின் நெடி, அதற்கும் அடியில் திறந்திருந்த சவப்பெட்டியின் பச்சைப் பலகை வாசனை. இவற்றுக்கு நடுவே அந்தச் சத்தம் மட்டும் ஒரே சீராக நடந்துகொண்டிருந்தது.

பியானோவின் மேலிருந்து வந்தது. தாளம் காட்டும் மெட்ரோனோம். அதை யாரும் கடிகாரமாக நினைக்கவில்லை.

அதற்குக் கடைசியாகச் சாவி கொடுத்தவள் எர்மான்ஸ்தான், ஆறு நாளுக்கு முன்னால். ஒரு சாவிக்கு அது அரைமணி தாங்காது. எழுந்துபோய் முள்ளை விரலால் பிடித்து நிறுத்தினாள். அந்த நாலு எட்டுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. ராத்திரியெல்லாம் கண் விழித்த அசதி என்று நினைத்துக்கொண்டாள்.

பாரிஸின் மதுக்கூடங்களில் எவரிஸ்த் பியானோ முன் உட்கார்ந்து புழுவையும் புதைகுழியையும் பாடினால், பட்டுடுத்திய சீமாட்டிகள் மயங்கி விழுவார்கள். தெளிந்து எழுந்து மறுநாளும் வருவார்கள். அப்பேர்ப்பட்டவருக்குச் சுரம் எழுதத் தெரியாது. அவர் பாடப் பாட, பதினொரு வருடமாக எழுதிக் கொடுத்தவள் எர்மான்ஸ். "மூச்சு என்னுது, கை உன்னுது" என்பார்.

கடைசிப் பாட்டு மூன்று சரணத்தோடு நின்றுபோனது. நாலாவதற்கு நெஞ்சில் காற்றில்லை. சாகக் கிடந்தவர் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"ஒரே ஒரு சரணந்தான் எர்மான்ஸ். மூச்சுதான் பத்தல."

"என்னோடத எடுத்துக்குங்க முசே எவரிஸ்த். பாடி முடிங்க" என்றாள். ஆறுதலுக்கு யாரும் சொல்கிற பேச்சுதான்.

அவர் சிரிக்கவில்லை. "சரி" என்றார். பிறகு, உயிரோடு புதைபட்டவர்களைப் பற்றியே ஆயுள் முழுக்கப் பாடியவர் கெஞ்சினார்: "பெட்டிய மூடறதுக்கு முன்னால மூக்குல கண்ணாடி வச்சுப் பாரு." அதற்கும் தலையாட்டினாள்.

சொலாஞ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "தச்சன் பர்னபே வந்துட்டான். திருகாணிய முடுக்கட்டுமான்னு கேக்கறான்."

"கொஞ்சம் இரு. அவரோட சவரக் கண்ணாடிய எடு. வச்சுப் பாக்கணும், வாக்குக் குடுத்திருக்கேன்."

"நல்லாருக்கே! சுத்தின கண்ணாடியப் பிரிச்சா போற உசுரு அதுல மாட்டிக்கும்மா. ஒதடே கறுத்துப்போச்சு, இன்னும் என்ன சந்தேகம்? செத்தும் உங்கள வேலை வாங்கறாரு பாருங்க, அவருதான் மனுசன்." முணுமுணுத்தபடியே கண்ணாடியை மேசையில் வைத்தாள். "நான் பிரிக்க மாட்டேன். தச்சனுக்கு ஒரு கிளாஸ் ஒயின் ஊத்திட்டு வரேன், அதுக்குள்ள முடிங்க."

எர்மான்ஸ் கறுப்புத் துணியைப் பிரித்தாள். பெட்டியின் மேல் குனிந்து, மெழுகுபோல் வெளுத்த மூக்கின் கீழே, கறுத்துச் சுருங்கிய உதட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கண்ணாடியைப் பிடித்தாள். பத்து எண்ணினாள். தெளிவாகவே இருந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. பாவம், போய்ச் சேர்ந்துவிட்டார்.

டக்.

அவள் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது.

டக். டக்.

கண்ணாடியின் ஓரம் மங்கியது. ஒரு கடுகளவு. பிறகு ஒரு காசளவு. தாளத்துக்குத் தாளம் விரிந்தது, சுருங்கியது, விரிந்தது. அவர் நெஞ்சில் கை வைத்தாள். கல். குளிர்ந்த கல். துடிப்பே இல்லை. கண்ணாடியோ முழுக்க வெளுத்துவிட்டது.

"சொலாஞ்!"

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி கத்தினாள். தொண்டையில் எதுவும் அசையவில்லை.

கண்ணாடியைக் கவுனில் துடைத்தாள். தன் வாயருகே கொண்டுவந்தாள். ஊதினாள்.

தெளிவாக இருந்தது.

இன்னும் பலமாக ஊதினாள். தெளிவாகவே இருந்தது.

சொலாஞ் உள்ளே வந்தாள். பின்னாலேயே தொப்பியைக் கையில் பிடித்தபடி பர்னபே. எர்மான்ஸ் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். பெட்டியைக் காட்டினாள். தன் வாயைக் காட்டினாள். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அழுங்கம்மா" என்றாள் சொலாஞ், அவளை அணைத்து நாற்காலியில் உட்கார வைத்து. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "வாய் விட்டு அழுங்க. உள்ளுக்குள்ள வச்சுக்காதீங்க. நீ பாத்துக்கிட்டு நிக்காத பர்னபே, ஆகட்டும்."

மூடி விழுந்தது. முதல் திருகாணி. இரண்டாவது. மூன்றாவது. மெட்ரோனோமை யாரும் பார்க்கவில்லை. நாலாவது இறுகியதும் பர்னபே சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். இருவரும் பாதிரியாரை எதிர்கொள்ள வாசலுக்குப் போனார்கள்.

பலகைக்குள் யாரோ ஆழமாக மூச்சு இழுத்தார்கள். எர்மான்ஸின் நெஞ்சுக்கூடு உள்ளே ஒடுங்கியது.

பாட்டு ஆரம்பித்தது. நாலாவது சரணம். அவளுடைய வலது கை தானாக மேசையிலிருந்த பேனாவை எடுத்துச் சுரத் தாளில் எழுதியது, ஒரு சுரம் பிசகாமல். மடியில் கிடந்த கண்ணாடியில் அவளுடைய திறந்த வாய் தெரிந்தது. துளி மங்கல் இல்லை.