நாற்பத்திரண்டு கதவுகள்

"இந்தக் கதவு உள்பக்கமா திறக்குதே..."

அவள் சட்டென்று திரும்பினாள். பிரிண்ட் கடையின் மேசைமேல் அவளுடைய வரைபடம் விரிந்து கிடந்தது. அதன்மேல் குனிந்து நின்றான் ஒருவன். முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, முடியில் மரத்தூள். மழை வெளிச்சம் விழுந்த அந்தக் கண்கள்... கண்களைப் பற்றி யோசிக்கிற நிலையிலா இருந்தாள் அவள்? மணி மூன்று. ஐந்துக்குள் இந்தத் தாள் அப்பாவின் மேசைக்குப் போயாக வேண்டும்.

கடைக்காரர் இரண்டு பேருடைய தாள்களையும் ஒன்றாகச் சுருட்டி வைத்துவிட்டாராம். எது யாருடையது என்று பார்க்கத்தான் பிரித்தானாம்.

"பார்த்தாச்சில்ல? கொடுங்க."

"மன்னிச்சுக்குங்க. நான் கதவு செய்யறவன். எங்க கதவைப் பார்த்தாலும் கண்ணு அங்கேயே நின்னுடும். இது முதியோர் இல்லந்தானே? சாப்பாட்டுக் கூடத்துக் கதவு உள்ளே திறந்தா..."

"மொத்தம் நாப்பத்திரண்டு கதவு. சாஃப்ட்வேரே எண்ணிச் சரிபார்த்திருக்கு. நீங்க வேற எண்ண வேண்டாம்."

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும்ங்க. நான் திசையைச் சொல்றேன்."

"உங்களை யாரும் கேக்கலை."

தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிச் சுருட்டி அட்டைக் குழாயில் திணித்துக்கொண்டு மழையில் இறங்கினாள். பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. நிம்மதிதான் கிடைக்கவில்லை. திசை... திசை என்றானே?

அப்பா கட்டட வடிவமைப்பாளர். முப்பது வருஷமாகக் கையால் வரைந்து பழகியவர். ஆறு வருஷமாக அவருடைய கோடுகளைக் கணினியில் ஏற்றுவதுதான் அவள் வேலை. மென்பொருளின் புதுப் பதிப்பு வந்ததும் அதை வாங்கச் சொல்லி இரண்டு மாதம் நச்சரித்தாள். கடைசியில் அப்பா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். அவர் வரைந்து வைத்திருந்த இந்த முதியோர் இல்லத்து வரைபடத்தை முடித்துத் தருவது முழுக்க அவள் பொறுப்பு. கீழே கையெழுத்தும் அவளே போடலாம். ஆனால் ஒரு கோடு தப்பினாலும் பழையபடி அவர் வரைய, அவள் நகலெடுக்க.

ஆறு வருஷமாகக் காத்திருந்த கையெழுத்து அது.

வரைபடத்தில் கதவு என்பது ஒரு கோடும் கால்வட்டமாக ஒரு வளைவும்தான். கோடு, கதவின் பலகை. வளைவு, அது திறக்கிற பாதை. இந்தச் சின்னப் படத்தை ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டால் வேண்டிய இடத்திலெல்லாம் பதிக்கலாம். முன்பெல்லாம் கதவின் வகையை மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக அழித்து, ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். அரை நாள் ஓடிவிடும். புதுப் பதிப்பில் ஒரே ஒரு கதவைத் தொட்டால் போதும். அதைப் போன்ற மற்றவற்றைத் தானே தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் மாற்றட்டுமா என்று கேட்கும். அவள் சரி என்றாள். நாற்பத்திரண்டு கதவும் கண் மூடித் திறப்பதற்குள் மாறின. அந்த அதிசயத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மாறியதை ஒருமுறை சரிபார்க்கத்தான் தோன்றவில்லை.

மடிக்கணினியை மடியில் திறந்தாள். பழைய வரைபடத்தையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிற வசதி ஒன்று உண்டு. இரண்டிலும் ஒன்றாக இருப்பது சாம்பல் நிறம். பழையதில் மட்டும் இருப்பது சிவப்பு, புதியதில் மட்டும் இருப்பது பச்சை. தரைத்தளத்தில் கதவின் தடிமன் மட்டும் மாறியிருந்தது. முதல் மாடியிலும் அப்படித்தான். இரண்டாவது மாடி...

பதினொரு சிவப்பு வளைவுகள் வெளியே பார்த்தன. பதினொரு பச்சை வளைவுகள் உள்ளே.

சாப்பாட்டுக் கூடம் இருக்கிற அந்த மாடியில் மட்டும் அப்பா கதவுகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டி வைத்திருந்தார். புதிதாக வந்து உட்கார்ந்த கதவுகள் அந்தப் புரட்டலை விட்டுவிட்டன. தீ, புகை என்றால் கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் கதவை நோக்கித்தான் வருவார்கள். முன்னால் நிற்பவரைப் பின்னால் இருப்பவர் நெருக்குவார். வெளியே திறக்கிற கதவென்றால் அந்த நெருக்கலே அதைத் திறந்துவிடும். உள்ளே திறக்கிற கதவென்றால் அதே நெருக்கல் அதை மூடிப் பிடித்துக்கொள்ளும். அதுவும் தடி ஊன்றி நடக்கிறவர்கள்...

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே ஓடினாள்.

கடை வாசலில் அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். தொப்பலாக நனைந்து வந்தவளைப் பார்த்தான். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். அதுதான் அவளை என்னவோ செய்தது.

"பதினொண்ணு," என்றாள் மூச்சு வாங்க. "மறுபடி தப்பு விடக் கூடாது. எது எதுன்னு குறிச்சுத் தர்றீங்களா?"

தப்பான தாளை மேசையில் விரித்தான். சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு கதவாக வட்டம் போட்டு, எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அம்புக்குறியும் போட்டான். அவள் அதைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றினாள். தாளின் ஓரங்களைத் தானே கண்டுபிடித்து, அதன் சுருளலை நிமிர்த்தி, அவன் போட்ட வட்டங்களை மென்பொருள் சரியாக வரைபடத்தின்மேல் கொண்டுபோய் வைத்தது. ஊடுருவித் தெரிகிற காகிதத்தை மேலே போர்த்தியதுபோல.

"அட, என் கிறுக்கல் உள்ளே போயிடுச்சே," என்று குனிந்து பார்த்தான். அவன் தோளிலிருந்து மர வாசனை வந்தது. அவசரத்துக்கு நடுவே இது வேறா என்று தன்னையே கடிந்துகொண்டாள் அவள்.

ஒவ்வொரு கதவாகப் புரட்டிக்கொண்டே வந்தாள். ஒன்பது... பத்து... பதினொன்று... இன்னொரு வட்டம் மிச்சமிருந்தது.

"இது குளியலறை. இது மாறவே இல்லையே. எங்கப்பா வரைஞ்சபடியேதான் இருக்கு."

இரண்டு வரைபடத்திலும் ஒன்றாக இருப்பதை அந்த ஒப்பீடு சாம்பல் நிறத்தில்தான் காட்டும். அது சரியா தப்பா என்று அதற்குத் தெரியாது.

அவன் பேனாவின் மூடியைத் திருகினான்.

"குளியலறையில விழறவங்க பாதி நேரம் கதவு மேலேயேதான் சாய்வாங்க. உள்ளே திறக்கற கதவை அப்புறம் யாராலயும் திறக்க முடியாது. எங்கம்மா அப்படித்தான் விழுந்தாங்க. நான் செஞ்ச கதவு. நானே கோடாலியால உடைச்சேன்."

"இப்ப..."

"நடக்கறாங்க. மெதுவா." பிறகு சொன்னான். "தாழ்வாரம் குறுகல்னுதான் உங்கப்பா உள்ளே வச்சிருப்பாரு. வெளியே திறந்தா வழியை மறிக்கும். பக்கவாட்டுல நகர்ற கதவு வச்சா ரெண்டு தொல்லையும் இல்லை."

அவள் அதையும் மாற்றினாள். மாற்றும்போதுதான் உண்மையான பயம் பிடித்துக்கொண்டது. பதினொன்று அவள் தப்பு. இந்த ஒன்று அப்பாவுடைய தப்பு. தன் கோட்டில் பிறர் கை வைத்தால் அப்பா மூன்று நாள் பேச மாட்டார். சொல்லாமலே விட்டுவிடலாம்... யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று கோப்பு தானே குறித்து வைத்துக்கொள்ளும்தான். ஆனால் அப்பா அதைத் திறந்து பார்க்கிற ஆள் இல்லை.

புதிதாக அச்செடுத்த தாளோடு அவன் பைக்கில்தான் அலுவலகத்துக்குப் போனாள். வழியெல்லாம் குழாயை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது, நீங்க கிளம்புங்க, நேரமாகும் என்றாள். மழை விடட்டும் என்றான் அவன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பதினொன்றையும் சொன்னாள். பேருந்தில் கண்டுபிடித்ததையும், அதற்கு முன்னாலேயே ஒருவன் கண்டுபிடித்துச் சொன்னதையும், அவனைத் தான் திட்டியதையும்கூட. பன்னிரண்டாவதைச் சொன்னபோது அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கதவு செய்யறவன் என் வரைபடத்துல பேனா வச்சானா?"

"நான்தான்ப்பா கேட்டேன்."

"அது நான் யோசிச்சு வச்சது. அதைப் பழையபடி ஆக்கு. மத்தது சரியா இருக்கு. கையெழுத்துப் போட்டுடு." பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஆறு வருஷம்... பேனா ஒரு சாண் தூரத்தில் கிடந்தது.

"அப்படின்னா நான் போடலைப்பா. உங்க பேர்லயே போகட்டும்."

அப்பா எழுந்தார். கதவை அறைந்துகொண்டு வெளியே போவார் என்று நினைத்தாள். அவர் அலுவலகத்துக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதுவும் அவர் வடிவமைத்ததுதான். உள்ளே ஏதோ தரையில் சரிகிற சத்தம் கேட்டது.

"தள்ளு," என்றது அப்பாவின் குரல்.

தள்ளினாள். அசையவில்லை.

"நல்லா தள்ளு."

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். விரலளவு திறந்து மறுபடி மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் அப்பாவின் முதுகு. "போதும்ப்பா... எந்திரிங்க," என்றாள். "அப்பா..."

"இரு. முட்டி பிடிச்சுக்கிச்சு."

அவர் மெல்ல நகர்ந்து, எதையோ பிடித்து எழுந்து வெளியே வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. அந்த ஐந்து நிமிஷமும் கதவில் கை வைத்தபடியே அவள் நின்றாள். வெளியே வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்போல வந்து உட்கார்ந்தார்.

"நகர்ற கதவே இருக்கட்டும்," என்றார் கடைசியில். "போடு."

போட்டாள். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. தாளை வாங்கிச் செல்ல முதியோர் இல்லத்துக்காரர்கள் படியேறி வந்தபோது, அந்த வேலை முடிகிறவரை அந்தப் பையனைத் திங்கட்கிழமைதோறும் வரச் சொல் என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

மழை விட்டு வெகுநேரமாகியிருந்தது. அவன் போகவில்லை. அவள் கீழே இறங்கி வந்து அப்பா சொன்னதைச் சொன்னாள். வர்றேன் என்றான். அதோடு பேச்சு முடிந்தது. அவன் பைக்கில் ஏறி உட்கார்ந்தான். அவள் பைக்கின் கைப்பிடியைப் பிடித்தாள். இன்று பட்ட பயமெல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது...

"திங்கட்கிழமை அப்பா கூப்பிட்டதுக்கு வர்றீங்க," என்றாள். "அது வேற."

"வேற எது?"

"என் வரைபடத்துல ஒரு தப்பும் இல்லாத நாள்ல... சரிபார்க்க ஒண்ணுமே இல்லாட்டியும்... நீங்க வந்து பக்கத்துல நிக்கணும்னு இருக்கு." தரையைப் பார்த்தாள். "உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப சீக்கிரம்னு தெரியும். சொல்லாம மேல ஏறிப் போக முடியலை."

அவன் இறங்கினான். அவளுக்கு எதிரே வந்து நின்றான். அந்தக் கண்களை இப்போதுதான் அவசரமில்லாமல் பார்த்தாள்.

"ஒரு மணி நேரமா அந்த ஜன்னலையே பார்த்துட்டு நின்னேன். நீங்க அழுதுட்டு இறங்கினா என்ன சொல்றதுன்னு யோசிச்சேன்... ஒண்ணும் வரலை. சிரிச்சுட்டு இறங்கினா என்ன சொல்லணும்னு மட்டும் தெரிஞ்சிருந்தது."

"என்ன?"

"அதைத்தான் நீங்க முந்திக்கிட்டுச் சொல்லிட்டீங்களே."