ஷாப் மேட்டில் கைமாறிய லாரி

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ரேடியேட்டர் பனிக்கட்டியாகச் சில்லிட்டுக் கிடந்தது.

ரெஜி பிர்கெட் கையுறையைக் கழற்றிவிட்டு, நம்ப முடியாமல் மறுபடியும் உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். இந்த ஷாப் மேட்டுக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஏறி வந்தாலும் சரி, வண்டி மூச்சிரைத்துக்கொண்டுதான் வந்து நிற்கும். மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். இதுவோ ராத்திரியெல்லாம் வயலில் கிடந்த கல்லைப் போல இருந்தது. உள்ளே மட்டும் அந்தப் பழைய கார்ட்னர் இன்ஜின், பக்கத்து வீட்டில் யாரோ நிதானமாக மாவு இடிப்பது மாதிரி, தொப் தொப்பென்று ஓடிக்கொண்டிருந்தது. புகை இல்லை. டீசல் வாசனையும் இல்லை.

மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. ஆனால் நவம்பர் மூடுபனி மலையை விழுங்கிவிட்டிருந்தது. முப்பதடிக்கு அப்பால் சாலை இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. நெடுஞ்சாலை வேறு பக்கமாகப் போன பிறகு இந்த வழியே வருபவர்கள் ஆடு மேய்க்கிறவர்களும் வழி தவறியவர்களும்தான். ஒரு காலத்தில் இதே இடத்தில் நாற்பது லாரிகள் வரிசையாக நிற்கும். நனைந்த தார்ப்பாய் வாசனையும் பன்றிக்கறி பொரியும் வாசனையும் கலந்து வரும். எதிரே வரும் விளக்குகளின் உயரத்தைப் பார்த்தே இது இன்ன கம்பெனி வண்டி, ஓட்டுகிறவன் இன்னான் என்று சொல்லிவிடுவார்கள். அப்போதிருந்த டீக்கடையின் கதவுச் சட்டம் மட்டும் இன்னும் நின்றது. அதற்குள்ளும் புறமும் ஒரே மூடுபனி.

"கீத்!" என்று கூப்பிட்டார். மேலே ஓட்டுநர் அறைக் கதவு மூடியே இருந்தது.

கீத் என்பவன் ஸ்டானின் மருமகன். ஸ்டான் ஆர்மிஸ்டெட் செத்து மூன்று வாரம் ஆகிறது. பென்ரித்தில் தன் கொட்டகையில் பதினோரு வருடம் உட்கார்ந்து, துருப்பிடித்த சட்டம் ஒன்றிலிருந்து ஒரு எட்டுச் சக்கர ஃபோடன் லாரியை ஆணி ஆணியாகத் தேற்றி எடுத்திருந்தான். அதை ரெஜிக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான். அவன் மனைவி டோரீன் போனில் அழுதுகொண்டே சொன்னாள்: "ஒரே ஒரு நிபந்தனைதான் வச்சிருக்காரு. பழையபடி மேட்டுல வச்சு மாத்திக்கணுமாம். கீத் லாரியக் கொண்டாந்து குடுப்பான். நீங்க உங்க காரை அவன்கிட்டக் குடுத்துடுங்க, நாளைக்குக் கெண்டல்ல உங்க வீட்டுக்கே வந்து விட்டுடுவான்."

ரெஜியின் மனைவி மேவிஸுக்கு இது பிடிக்கவே இல்லை. "உயிரோட இருந்தப்போ அந்த மனுஷன் கூப்பிட்டா ஓடினே. செத்த பிறகும் ஓடணுமா?" என்றாள். "அந்தக் காலை வச்சுக்கிட்டு கிளட்ச் மிதிக்கப் போறியாக்கும்."

ரெஜி சிரித்துச் சமாளித்துவிட்டுக் கிளம்பினார். உண்மையில் அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நாற்பத்து நான்கு வருடம் கழித்து, அவரும் ஸ்டானும் லாரி ஓட்டிய ஃபெல்கேட் கம்பெனியின் பச்சை வண்ணத்தில் ஒரு வண்டி. அதை அவர் கையில் ஒப்படைக்க நினைத்த ஒரு சிநேகிதன்.

ஃபெல்கேட்டில் அப்படித்தான் வழக்கம். கிளாஸ்கோவிலிருந்து வருகிறவனும் லிவர்பூலிலிருந்து வருகிறவனும் இந்த மேட்டில் சந்தித்து வண்டியை மாற்றிக்கொள்வார்கள். அவன் வண்டியில் இவன், இவன் வண்டியில் அவன். அவரவர் வீட்டில் படுக்கலாம். இன்ஜினை அணைக்கக் கூடாது. குளிரில் மறுபடி கிளப்ப முடியாது. ஒருவன் இறங்குவான், மற்றவன் ஏறுவான். காற்று அறைகிற வேகத்தில் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஒரே ஒரு கேள்வி, வண்டியைப் பெண்ணாக வைத்து: "எப்படிப் போறா?" வண்டியில் என்ன கோளாறு இருந்தாலும் அந்தப் பதிலில் வந்துவிட வேண்டும். அதற்கு மேல் குனிந்து நிமிர்ந்து சோதித்தால் எதிராளியைப் பொய்யன் என்று சொன்ன மாதிரி. மாற்றிக்கொள்ள வந்தவனை மறுத்துவிட்டுப் போனவனும் கிடையாது. போனால் மற்றவன் விடிய விடிய மேட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

நாற்பத்து நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள், பிற்பகல் மூன்று மணிக்கு ரெஜி அதைத்தான் கேட்டார். "தங்கமாப் போறா, ராசா" என்றான் ஸ்டான். அவனுக்கு எல்லோரும் ராசாதான். இரண்டு மைல் இறக்கத்தில் பிரேக் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. பதினாறு டன் இரும்புத் தகடு பின்னாலிருந்து தள்ள, வளைவுச் சுவரை உடைத்துக்கொண்டு ரெஜி ஓடைக்குள் போனார். இடது கால் அன்றோடு சரி. பிரேக் போய்விட்டது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. கோர்ட்டில் ஸ்டான் கூண்டில் ஏறி, "நான் குடுக்கறப்போ பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சத்தியம் செய்தான். லைசென்ஸ் போனது, வேலை போனது. தூங்கி வண்டியைக் கவிழ்த்தவன் என்ற பெயர் மட்டும் மிச்சம். ஸ்டான் மேல் அவருக்கு ஒரு நாளும் கோபம் வரவில்லை. அவன் கையில் நன்றாக இருந்திருக்கும், தன் கையில் போயிருக்கும்; வேறு எப்படி இருக்க முடியும்? மேட்டில் நின்று யாராவது பொய் சொல்வார்களா?

ரெஜி ஊன்றுகோலை ஊன்றி வண்டியைச் சுற்றி வந்தார். சாலையில் அவர் காலடிச் சத்தம் கேட்டது. அதற்கு அரை நொடி பின்னால் இன்னொரு காலடியும் கேட்டது போல் இருந்தது. நின்றார். எதுவும் இல்லை.

இடது பக்க மட்கார்டில் ஒரு நெளிசல் இருந்தது. அவர் விரல் தானாகவே அதைத் தேடிப் போயிருந்தது. லிவர்பூல் துறைமுகத்தில் பின்னால் எடுக்கும்போது இரும்புத் தூணில் அவரே இடித்த நெளிசல். ஆனால் அந்த லாரி ஓடையில் நொறுங்கி, கண்ணெதிரே துண்டு துண்டாக அறுபட்ட லாரி. இது வேறு லாரி.

'ஞாபகம் வச்சு அடிச்சிருக்கான்' என்று நினைத்துக்கொண்டார். எவ்வளவு பாசம் இருந்தால் ஒருவன் சுத்தியலை எடுத்து நல்ல தகட்டில் சிநேகிதனின் நெளிசலை அடித்து வைப்பான்? கண் கலங்கிவிட்டது அவருக்கு.

மேலே கதவு திறந்தது.

காக்கி மேலங்கியும் இழுத்து விட்ட தொப்பியுமாக ஒரு ஆள், பின்புறம் திரும்பி, படியில் கால் வைத்து மெதுவாக இறங்கினான். கீத் நாடகம்தான் போடுகிறான். மாமனாரின் உடுப்பையே போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். ரெஜிக்குச் சிரிப்பு வந்தது. அதே சமயம் பிடரி மயிர் சிலிர்த்துக்கொண்டது. அது ஏன் என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கைகளுக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார், கார் சாவியை நீட்டினார், வாய் தானாகக் கேட்டது.

"எப்படிப் போறா?"

அந்த ஆள் சாவியை வாங்கிக்கொண்டான். விரல்கள் ரேடியேட்டரைப் போலவே இருந்தன.

"தங்கமாப் போறா, ராசா."

அதற்குள் ரெஜி ஊன்றுகோலைச் சாலையில் எறிந்துவிட்டு முதல் படியில் ஏறிவிட்டிருந்தார். இரண்டாவது படி. மூன்றாவது. இருக்கையில் உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தி, கிளட்சில் இடது காலை வைத்தார். கால் வலிக்கவில்லை.

நாற்பத்து நான்கு வருடத்தில் முதல் தடவையாக வலிக்கவில்லை.

கண்ணாடிக்குக் கீழே ஒரு காகிதம் செருகியிருந்தது. ஃபெல்கேட்டின் பழுதுச் சீட்டு. டிரைவர்கள் வண்டியின் கோளாறை எழுதி டிப்போவில் கொடுப்பது. பழுப்பேறிய தாள், ஸ்டானின் சாய்ந்த கையெழுத்து. 'பிரேக் அறவே பிடிக்கவில்லை. இன்று இரண்டு முறை கைவிட்டது.' கீழே டிப்போவின் முத்திரை. விபத்து நடந்த அந்த நாளின் தேதி. நேரம், மதியம் ஒரு மணி.

ஒரு மணி. மாற்றிக்கொண்டது மூன்று மணிக்கு.

ரெஜி அதை மறுபடி படித்தார். தெரிந்திருக்கிறது. முதலாளிக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து, இதே இடத்தில் நின்று, தங்கம் என்றிருக்கிறான். பிறகு கோர்ட்டில் பைபிளைத் தொட்டிருக்கிறான். பிறகு வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒரு புட்டி விஸ்கி அனுப்பியிருக்கிறான். அதைக் குடித்துவிட்டு நல்ல மனுஷன் என்று மேவிஸிடம் சண்டை பிடித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. பாவி. பாவிப் பயலே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. செத்தவன் குரல்.

ஜன்னல் வழியே குனிந்து பார்த்தார். அந்த ஆள் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தான். நல்ல நடை. நாலு அடி. ஐந்து அடி. ஆறாவது அடியில் இடது கால் இழுத்தது. ஏழாவதில் நன்றாகவே நொண்டினான். கீழே கிடந்த ஊன்றுகோலைக் குனிந்து எடுத்துக்கொண்டான். பழக்கப்பட்டவன் மாதிரி ஊன்றினான்.

"ஸ்டான்!"

கத்தியது அவர் காதுக்குக் கேட்டது. ஆனால் அந்தக் குளிரிலும் அவர் வாயிலிருந்து ஆவி வரவில்லை. கதவைத் திறக்கக் கையைத் தூக்கினார். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. மறுபடி தூக்கினார். அங்கேயே இருந்தது. காக்கி மேலங்கியின் கைப்பட்டி, மணிக்கட்டு வரை. அவர் போட்டு வந்தது நீலக் கம்பளிச் சட்டை.

கீழே கார் கதவு திறந்து மூடியது. உள்விளக்கு எரிந்தது. ஜன்னல் இறங்கியது. நீலக் கம்பளிச் சட்டை. தொப்பி இல்லாத நரைத்த தலை. அந்தத் தலை நிமிர்ந்து லாரியைப் பார்த்தது.

ரெஜியின் முகம்.

காலையில் சவரம் செய்தபோது தாடையில் பட்ட கீறல்கூட அப்படியே இருந்தது. அந்த முகத்தில் சந்தோஷம் இல்லை. வெட்கம் இருந்தது.

"மன்னிச்சுக்கோ, ராசா" என்றது. "இங்க ரொம்பக் குளிருது."

காருக்குள் ரெஜி விட்டுவந்திருந்த போன் அடித்தது. அவன் எடுத்தான். மேவிஸின் குரல், என்ன சொல்கிறாள் என்று புரியாத தூரத்தில், கீச்சென்று கேட்டது. அதட்டல் மாதிரி. பயந்துபோனால் அவள் அப்படித்தான் பேசுவாள்.

"ஒண்ணும் ஆகல கண்ணு" என்றான் அவன். இப்போது அது ரெஜியின் குரல். "மூடுபனிதான். மெதுவா வர்றேன். எனக்காகச் சோத்தை ஆற வச்சுக்கிட்டு உக்காந்திருக்காதே. கதவை மட்டும் தாழ் போடாம வை."

மேவிஸ் ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மேவிஸ். தாழ் போடு. மேவிஸ்.

கார் விளக்குகள் திரும்பின. கெண்டல் பக்கமாக, வீட்டுப் பக்கமாக, நிதானமாக இறங்கத் தொடங்கின. சத்தம் வெளியே வராத வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் ஒட்டிக் கிடக்க, ரெஜி மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நொடி மூடுபனி விலக, கீழே அவர் சுவரை உடைத்த அந்த வளைவில் பிரேக் விளக்குகள் ஒரு தடவை சிவப்பாக எரிந்தன. நன்றாகவே பிடித்தது.