மணமறப்பூசி

மிதவை நகரில் யாரும் நெடுநாள் அழுவதில்லை. காரியம் முடிந்த கையோடு இறந்தவரின் துவைக்காத சட்டையை எடுத்துக்கொண்டு, அவர் வாசனையை மறக்க ஊசி போடும் மணமறப்பகத்துக்குப் போய்விடுவார்கள்.

அமலி மட்டும் ஒரு வருடம் இழுத்தடித்தாள். கணவன் சவரியின் சட்டை தலையணைக்கடியில் இருந்தது. விடியற்காலை அரைத்தூக்கத்தில் அந்த வாசனை அவனைக் கூட்டிவரும். கை நீட்டுவாள், வெறும் மெத்தை தட்டுப்படும். தினமும் புதிதாக விதவையாவது என்ன பிழைப்பு? கடைசியில் அவளும் போனாள்.

"வாசனைத் துகள் ரொம்பப் பொடிசும்மா," என்றார் டாக்டர் பர்வீன். "தனியா வந்தா உடம்பு கண்டுக்கவே கண்டுக்காது. ஒரு பெரிய புரதத்தோட ஒட்டி ஊசியில அனுப்பினா, 'யாருடா இவனுங்க'ன்னு ரெண்டையும் அடையாளம் வெச்சுக்கும். அப்புறம் அந்த வாசனை தனியா வந்தாலும் மூக்குக்கு எட்டாம வழியிலேயே மடக்கிடும்."

ஊசி போட்டபின் சட்டை வெறும் துணியாயிற்று. வீடு அலையில் தொட்டிலாக ஆட, அமலி கனவே இல்லாமல் தூங்கினாள். அவளுக்கே வெட்கமாயிருக்கும் அளவுக்கு நிம்மதியாக இருந்தது.

விடுமுறைக்குக் கடலடிப் பள்ளியிலிருந்து மகள் செலின் வந்தாள். ஒரே பருவத்தில் மளமளவென்று வளர்ந்திருந்தாள். அமலி அவளை இழுத்தணைத்து உச்சி முகர்ந்தாள்.

ஒரு வாசனையும் இல்லை. தண்ணீரை முகர்ந்தது போலிருந்தது. அடுத்த நொடி கன்னம் எரிந்து உதடு தடித்தது. மூச்சு இழுத்தது.

மணமறப்பகத்தில் மருந்து ஏற்றியபின் டாக்டர் தயங்கினார். "பொண்ணு பெரியவளாயிட்டா இல்ல? வேர்வை மாறும். அப்பா வாசனை அப்படியே இறங்கியிருக்கு. அதைத்தான் உங்க உடம்பு எதிர்க்குது."

"அந்த ஊசி மருந்தை எப்படியாவது எடுத்துடுங்க டாக்டர்."

"முடியாதும்மா. இந்தப் பாடத்தை ரத்தம் ஒரு தடவை படிச்சுட்டா, சாகிற வரைக்கும் மறக்காது."

அமலிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறக்கவென்று போட்ட ஊசி, அவள் உடம்பு முழுக்கச் சவரியை மனப்பாடம் செய்துவிட்டிருந்தது. மூக்கு ஒன்றுதான் அவனை அறியாது.

வீடு திரும்பியதும் செலின் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு தோலெல்லாம் சிவக்க வாசலில் வந்து நின்றாள்.

"நல்லா சோப்பு போட்டுத் தேச்சுக் குளிச்சுட்டேன்மா. இப்ப பக்கத்துல வரலாமா?"

"வாடி," என்றாள் அமலி. உதடு வீங்கியிருந்ததால் சொல் குழறியது.