நாலாவது தடி

குதிரைகளை அவிழ்த்துவிட்டார்கள். அவை சுற்றிய கதிரடி இயந்திரம் நின்றது. ஆனாலும் கதிரடிக்கிற சத்தம் நிற்கவில்லை.

எனோஸ் ஹோட் காதைக் குடைந்துகொண்டான். காலையிலிருந்து அந்த இரும்பு உருளையின் வாய்க்குள் கோதுமைக் கட்டுகளைப் பிரித்துப் பிரித்துத் திணித்தவனுக்குக் காது இரைவது புதிதில்லை. ஆனால் இது அந்த இரைச்சல் இல்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம், போன வருஷம் பூட்டிப்போட்ட பழைய கொட்டகையிலிருந்து, ஓக் பலகைத் தரையில் தடி விழும் சத்தம் மூடுபனியில் நனைந்து மழுங்கி வந்தது. தட், தட், தட். ஓர் அடிக்கு இடம் விட்டு மறுபடி தட், தட், தட்.

குதிரைக்காரன் ஏமஸுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். "இயந்திரத்துக்குத் தீனி போட்டுப் போட்டு உன் மண்டைக்குள்ளயும் உருளை ஓடுதுடா," என்று சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனோஸுக்கு அந்தத் தாளம் தெரியும். இருபது குளிர்காலம் நாலு பேர் அந்தத் தரையில் வட்டமாக நின்று அடித்தார்கள். சைலஸ், நேதன், பர்வில், நாலாவது அவன். தோல்வாரில் கோத்த தடிகளை ஒருவர் பின் ஒருவராக இறக்குவார்கள். ஒருத்தன் முறை தவறினால் அடுத்தவன் மண்டை உடையும். அந்த அடியில்தான் பனிக்காலம் முழுக்க நாலு வீட்டில் அடுப்பு எரிந்தது. இயந்திரம் வந்ததும் ஒருத்தன் போதும் என்றார் பண்ணையார். இயந்திரத்தை நம்பக் கூடாது. அதை வாங்குகிறவனை அதைவிட நம்பக் கூடாது. கடைசியில் எனோஸ் இரண்டையும் நம்பினான்.

முதல் இயந்திரத்தை நாலு பேரும் சேர்ந்துதான் சம்மட்டியால் உடைத்தார்கள். மறுநாள் எனோஸ் பண்ணையார் வீட்டு அடுக்களையில் நின்று மூன்று பெயர்களைச் சொன்னான். அந்த ஒருத்தன் வேலை அவனுக்குக் கிடைத்தது.

மூவரையும் கைதிக் கப்பலில் ஏற்றி உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பினார்கள். கப்பல் போய்ச் சேரவில்லை, கடலில் மூழ்கிவிட்டது என்று போன ஞாயிறு தேவாலய வாசலில் பேசிக்கொண்டார்கள். நேதன், எனோஸின் மனைவி டோர்கஸுக்குத் தம்பி. அன்று ராத்திரி அவள் அழவில்லை. "நாலு பேருதானே உடைக்கப் போனீங்க? நீ மட்டும் எப்படி வீடு வந்தே?" என்று கேட்டாள். அவன் விளக்கை ஊதி அணைத்தான். உண்மை தெரிந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

இப்போது சாப்பாடு எடுத்துக்கொண்டு அவள் வருகிற நேரம். அந்தத் தாளத்தில் யார் இல்லை என்று அவளுக்குக் கேட்டவுடனே தெரிந்துவிடும்.

கொட்டகையின் பூட்டைக் கல்லால் தட்டி உடைத்துவிட்டு உள்ளே போனான். பலகை இடுக்கு வழியாகச் சாம்பல் நிற வெளிச்சம் விழுந்தது. கோதுமை வாசனை இல்லை. உப்பும் ஊறிய கயிறும் சேர்ந்த வாடை. தரையில் யாரும் இல்லை. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் தூசி துள்ளியது. குதிகால் தேய்த்துத் தேய்த்துக் குழிந்த நாலு இடங்களில் மூன்றில் தண்ணீர் தேங்கி நின்றது.

"எனக்குப் பிள்ளைங்க இருக்காங்க, சைலஸ்," என்றான். "அதான் சொன்னேன். நிறுத்துங்கப்பா."

தட், தட், தட்.

காய்ந்த குழியின் பக்கத்தில் அவனுடைய தடி சாய்ந்து நின்றது. இடைவெளியை அடைத்துவிட்டால் இது வெறும் கதிரடிப்பு. வெளியில் கேட்கிற யாருக்கும் சந்தேகம் வராது. தடியை எடுத்தான். குழியில் நின்றான். உமி கண்ணில் விழாமலிருக்க, எப்போதும் செய்கிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டான். அடித்தான்.

நாலும் பொருந்தின. எத்தனை நாளாயிற்று. தோள் லேசானது. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. வேகம் கூடியது. கதவுப் பக்கம் யாரோ "நேதன்?" என்றார்கள். பெண் குரல். பலகையில் ஓடி வரும் காலடி. முறை தவறக் கூடாது. அடித்தான்.

கீழே பலகை இல்லை.

மெத்தென்று இருந்தது.

சுடு ரொட்டி வாசனை.

கண்ணைத் திறந்தான். கூடை கவிழ்ந்து கிடந்தது. வட்டத்தின் நடுவில், கோதுமைக் கட்டைப் பிரித்துப் போடுகிற இடத்தில், டோர்கஸின் நீலச் சால்வை. அதற்குள் அவள். அவள் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

தட்.

தட்.

தட்.

அவன் கைகள் தடியோடு மேலே போயிருந்தன.